ஷூவுக்குக் கோடு போடும் கை விண்கலத்துக்கும் போடும்

தம்பி, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீ வரைந்து வைத்திருக்கும் விண்கலத்தை இனி யாரிடமும் மறைக்காதே. தங்கச்சி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "அதெல்லாம் அமெரிக்காக்காரன் வேலை, நமக்குத் தோலுதான் சோறு போடும்" என்பார்கள். தோல் சோறு போடுவது சத்தியம். அந்தச் சோற்றைக் குறைத்துப் பேச எனக்கு நாக்கு வராது. ஆனால் அந்த வாக்கியத்தின் முன்பாதி பச்சைப் பொய். அதை நிரூபிக்க ஆம்பூரைத் தாண்ட வேண்டியதில்லை!

ஷூ கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார். கால் வடிவ லாஸ்டை எடுத்து, சுருக்கம் விழாமல் மாஸ்கிங் டேப்பை ஒட்டுகிறார். முன்னால் ஒரு நடுக்கோடு, குதிகால் பக்கம் ஒரு நடுக்கோடு. அப்புறம் ஷூவின் மேல்பகுதியான அப்பரின் விளிம்பு, முன்துண்டு, பக்கத்துண்டு என்று பென்சில் ஓடுகிறது. பென்சில் போன வழியே கத்தி போகிறது. உரித்த டேப்பை அட்டையில் பரப்பினால் லேசில் படியாது. வளைந்ததைத் தட்டையாக்கப் பார்த்தால் எங்காவது எழும்பத்தான் செய்யும். எந்த இடத்தில் துளி கீறிவிட்டால் படியும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். தையலுக்கும் மடிப்புக்கும் எத்தனை மில்லிமீட்டர் விட வேண்டும் என்பதும் தெரியும். அதன்பின் அந்த வடிவம் கணினிக்குள் போய், சைஸுக்கு சைஸ் விரிந்தும் சுருங்கியும் வெளியே வருகிறது.

வளைந்த உடலைத் தாளில் பிடிக்க வேண்டும். தாளில் இருப்பதை உருண்டு திரண்ட பொருளாக மனக்கண்ணில் பார்க்க வேண்டும். விண்கலம் வரைகிறவருக்கு வேண்டிய முதல் வித்தை இதுதான். பெரிய நகரங்களில் காசு கட்டிக் கற்கும் இந்த வித்தை உன் சித்தப்பா கையில் இருக்கிறது, உன் அக்கா கையில் இருக்கிறது. உனக்கு எதற்குத் தாழ்வு மனப்பான்மை?

ஸ்டார் வார்ஸ் படத்தின் உலகத்தைத் தாளில் கொண்டுவந்த ரால்ஃப் மெக்குவாரி எங்கிருந்து வந்தார் தெரியுமா? போயிங் விமானக் கம்பெனியில் தொழில்நுட்பப் படம் வரைந்துகொண்டிருந்தவர்! 1975-இல் அந்தப் படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் அவரைத் தீட்டச் சொன்ன ஓவியங்கள்தான், பணம் போடும் ஸ்டுடியோவுக்கு அந்தக் கதையைக் கண்ணில் காட்டின. கம்பெனிக்குக் கோடு போட்டுப் பழகிய கை அது. உன் ஊரில் அப்படிப்பட்ட கைகளுக்கா பஞ்சம்?

கார்ட்டூன் என்றால் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று இளக்காரம் செய்வோர் உண்டு. பெல்ஜியத்து ஓவியர் ஹெர்ஜே, தன் காமிக்ஸ் நாயகன் டின்டினை நிலவுக்கு அனுப்பும் கதையை 1950-இல் வரையத் தொடங்கினார். சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட அந்த ராக்கெட், ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டை உற்றுப் பார்த்து, வேண்டாததையெல்லாம் உதறிப் பிறந்தது. மனிதன் நிலவில் கால் வைத்தது 1969-இல்! கோடு குறையக் குறைய ஒவ்வொரு கோட்டுக்கும் பொறுப்பு கூடும். கார்ட்டூன் கடினமான கலை, மதித்துச் செய். நம் தமிழும் இதில் பின்தங்கி நிற்கவில்லை. 1963-இலேயே 'கலை அரசி' படத்தில் வேற்றுக்கிரகத்தார் வந்து இறங்கிவிட்டார்கள்.

வானம் நமக்குத் தூரம் என்று மட்டும் சொல்லாதே. ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையேறினால் காவலூர் ஆய்வகம். 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் முன்பே அதன் ஒளி சில நொடி மங்கியதை அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி பதிவு செய்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறியக் காரணமான அந்த இரவில் உன் மலையும் சாட்சி!

சரி, பென்சிலை எடு. ஜன்னலையும் துப்பாக்கியையும் முதலில் வரையாதே. பெட்டியும் உருளையும் வரை. உருளையின் வட்டம் கண்மட்டத்தை நெருங்க நெருங்க ஒடுங்கி, கண்மட்டத்தில் வெறும் கோடாகிவிடும். இது கையில் ஏறாதவரை உன் எஞ்சின் கோணலாகத்தான் தொங்கும். பக்கம் பக்கமாக நீள்வட்டம் போட்டுத் தள்ளு! ஏதாவது ஒன்றை மிகைப்படுத்து: மூக்கு பெருக்கட்டும், இல்லையேல் பின்புறம் உப்பட்டும். முழுவதையும் கறுப்பாக நிரப்பிப் பார். நிழலை வைத்தே அடையாளம் தெரிந்தால் கலம் பிழைத்தது.

மாதிரிக்கு எங்கே போவது என்கிறாயா? டேனரியில் தோலைப் புரட்டிக்கொண்டு சுழலும் அந்த மர டிரம்மைப் பார். சுற்றிலும் இரும்புப் பட்டை, பக்கத்தில் பல்சக்கரம், நடுவில் கதவு. விண்வெளியில் சுழலும் பெரிய உருளைக்குள் மனிதர் எடையோடு நின்று வாழலாம் என்று ஜெரார்ட் ஓ'நீல் என்ற இயற்பியலாளர் 1976-இல் புத்தகமே எழுதினார். டிரம்முக்கு எஞ்சின் மாட்டு. ஓரத்தில் எறும்பளவு ஜன்னல் வை, கலம் மலையாகிவிடும். ஹாலிவுட்டுக்குக் கிடைக்காத வடிவம் உன் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது!

கம்ப்யூட்டர் இல்லையா? பென்சில் படத்தை போனில் படம் பிடித்து, ஐபிஸ்பெயின்ட் என்ற வரையும் செயலியில் திற. அந்த லேயரை மங்கலாக்கி, மேலே புது லேயரில் மை போடு. வண்ணத்துக்கு இன்னொரு லேயர். பழைய கம்ப்யூட்டர் கிடைத்தால் கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் இருக்கிறது, பைசா செலவில்லை. மறையும் புள்ளிக்கும் நீள்வட்டத்துக்கும் உதவிக்கோடுகள் அதிலேயே உண்டு. முப்பரிமாண வடிவம் செய்யும் பிளெண்டரும் இலவசம்தான். பெட்டி உருளைகளை அடுக்கித் திருப்பிப் பார்த்து, பிடித்த கோணத்தின் மேல் வரை. கை பழகாமல் மென்பொருளை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் ஒரு கலமும் கிளம்பாது, கண்டிப்பாகச் சொல்கிறேன்.

முதல் படம் முடிந்ததும் நிறுத்தாதே. அதே கலத்தைப் பின்னாலிருந்து வரை. கீழேயிருந்து வரை. கதவு திறந்து ஆட்கள் இறங்கும்போது வரை. ஓரத்தில் உன் பெயரையும் ஊரையும் எழுது. எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி, சென்னையின் விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோக்களுக்கும் அனிமேஷன் கம்பெனிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்பு. பதில் வரவில்லையா? அடுத்த கலத்தை வரைந்து மறுபடி அனுப்பு!