பக்கத்து வீட்டுத் தூக்கம்

‘பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியாது’ என்ற பழமொழியைக் கேட்காமல் வளர்ந்த பெண் நம்மிடையே அரிது. கோழி வளர்க்கத் தொடங்கிய பிறகுதான் அதன் அபத்தம் எனக்கு முழுதாகப் புரிந்தது. சேவல் கூவியும் பொழுது விடிவதில்லை. எப்போதும் மங்கலான வெளிச்சமே இருக்கும் அறையில் அடைத்தாலும், உடலுக்குள் ஓடும் கடிகாரத்தை ஒட்டிச் சேவல் கூவுகிறது என்று 2013இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெட்டையோ முட்டையிட்டு எழுந்ததும் கொக்கரிக்கிறது. ஒரு வேலை முடிந்தது என்ற அறிவிப்புப்போல அது ஒலிக்கிறது. அந்தச் சொல்லையும் நம் மொழி விட்டுவைக்கவில்லை. இறுமாப்பாகப் பேசுவதற்குப் பெயர் கொக்கரிப்பு.

எங்கள் கொல்லையில் நான்கு பெட்டைகளும் ஒரு சேவலும் இருந்தன. என் அம்மாவுக்குக் கோழிதான் சிறுவாடு. அப்பாவிடம் கணக்குச் சொல்ல வேண்டாத ஒரே காசு, முட்டை விற்ற காசு. அதனால் பக்கத்து வீட்டுப் பெண் மதிலருகே வந்து, “அக்கா, இந்தச் சேவலை ஏதாவது பண்ணுங்களேன்” என்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. திருவிழா ஒலிபெருக்கியையும் சைலன்சர் கழற்றிய பைக்கையும் சகித்துக்கொள்ளும் தெருவுக்கு, ஒரு பெண்ணின் கொல்லைச் சத்தம் மட்டும் தொந்தரவா?

அவர் செவிலியர். இரவுப் பணி முடித்துக் காலை ஒன்பது மணிக்குப் படுப்பவர். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல், பகலில் 55 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஊர் தூங்கும்போது விழித்திருந்து வேலை செய்பவளின் இரவு அந்தக் கணக்கில் வரவில்லை. சட்டம் என் பக்கம் இருந்தது. ஆனால் நியாயம் அவர் பக்கம் இருந்தது.

பெண்களுக்குச் சிறுவயதிலிருந்தே ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்று சொல்லித்தான் வாயை அடைத்தார்கள். அந்த நாலு பேரை எதிர்க்கப் பழகிய வேகத்தில், மதிலுக்கு அப்பால் கண் எரியப் படுத்திருந்த ஒருத்தியையும் அவர்களோடு சேர்த்துவிட்டேன். நாலு பேருக்கு முகம் கிடையாது. அவர்களுக்கு நம் அடக்கம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரிக்கு முகம் உண்டு. அவளுக்கு வேண்டியது தூக்கம். முதலாவதற்குப் பணிவது அடிமைத்தனம். இரண்டாவதற்கு இடம் கொடுப்பது, இன்னொருத்தியின் உழைப்பை உழைப்பென்று ஒப்புக்கொள்வது.

முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சுக்குத்தான் தேவை. அதை ஊருக்கு அனுப்பினேன். அங்கே அது குழம்பாகியிருக்கும். நம் சமாதானத்துக்கு யாரோ விலை கொடுக்கிறார்கள் என்பதை மறைத்துப் பேச விருப்பமில்லை. கூட்டை அவர் படுக்கையறைக்கு எதிர்ப்புறச் சுவரோரம் மாற்றினேன். அவருக்கு முட்டை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் மறுமுறை குறை சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

பெட்டைகள் இன்னும் கொக்கரிக்கின்றன. “அது கேட்குதுக்கா, ஆனா கொஞ்ச நேரந்தானே” என்றார் அவர். அந்தக் கொஞ்ச நேரத்தை அவரைக் கேட்டுப் பெற்றேன். உரிமை என்று சண்டையிட்டிருந்தால் எனக்கு அது இவ்வளவு நிம்மதியாகக் கிடைத்திருக்காது.