வினைப்பயனும் ஈழத்தார் துயரும்

பேரூர்ப் பட்டிப்பெருமான் திருமுன் அன்பரொருவர் எம்மை வினவினார். அவர் தந்தையார் 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்பின் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தினின்றும் வால்பாறைக்கு வந்து குடியேறியவர். "ஈழத்தமிழர் துயரை அவர்தம் முன்வினைப் பயனென்று கூறி அமையலாமோ?" என்றார். அமைதல் ஆகாதென்பதே எமது துணிபு.

வேறுவேறாக ஆளப்பட்ட பகுதிகளை ஆங்கிலேயர் 1833இல் ஓராட்சியாக்கினர். தோட்ட வேலைக்குத் தென்னாட்டு ஏழைகளைக் கொண்டுசென்றனர். சிறுபான்மையோர்க்குத் தக்க காப்பின்றி நீங்கினர். 1948இல் இயற்றிய சட்டத்தால் தோட்டத் தொழிலாளர் குடியுரிமை இழந்தனர். 1956இல் சிங்களமே ஆட்சிமொழியாயிற்று. 1983இல் தமிழர் மனைகள் எரிந்தன. 2009இல் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரின் இறுதியில் மாண்ட குடிமக்கள் 40,000 வரை இருக்கலாமென ஐக்கிய நாடுகளின் வல்லுநர் குழு உரைத்தது. வட மாகாண சபை 2015இல் இதனை இனவழிப்பெனத் தீர்மானித்தது.

நுகர்வார்க்குப் பிராரத்தமாவது இழைப்பார்க்கு ஆகாமியமாம். வினைப்பயனை ஊட்டுவோன் இறைவன். அவ்வதிகாரம் அரசினர்க்கும் படையினர்க்கும் அளிக்கப்பட்டிலது. பகையை விதைத்து அகன்றாரும், ஆயுதமேந்திக் கொடுமை இழைத்த தமிழரும் இந்நியதிக்கு விலக்காகார். பிறர் முன்வினையை அறிவான் சிவனொருவனே. வினைக்கொள்கை நம்மைத் திருத்தற்கு வாய்த்தது; பிறர் அழுகையை அடக்குதற்கன்று. மெய்யன்பர்காள்! 'அவர் வினை' என்று வாளாவிருப்போமாயின், அவ்விரக்கமின்மையே நமக்கு ஆகாமியமாய் ஏறும்.