திறவுகோல் யாரிடம்?

சிக்கல் கடைத்தெரு. மாலை நேரம். பள்ளி விட்டு, பையைத் தோளிலே சுமந்தபடி வருகிறான் ஒரு சிறுவன். பெட்டிக்கடை முன் நிற்கிறான். "அண்ணே! அப்பாவுக்கு ஒரு கட்டு பீடி!" என்கிறான். கையிலே காசு, முகத்திலே கள்ளமில்லை. கடைக்காரர் கொடுக்கிறார், பையன் வாங்குகிறான், போகிறான். பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம் என்கிறது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். கல்விக்கூடத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் விற்கவே கூடாது என்றும் கூறுகிறது. சட்டம் ஏட்டிலே இருக்கிறது. கட்டு, பையன் கையிலே இருக்கிறது!

பூட்டே இல்லாத நஞ்சு இது. சிக்கலுக்கு மட்டும் உரிய காட்சியன்று. தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றிலும் காணும் காட்சி. மேல்நாடுகளிலோ வேறு காட்சி. அங்கே நஞ்சுக்குப் பூட்டுப் போடுகிறார்கள். போடுவதோடு நிற்கவில்லை. "இந்தப் பூட்டு எனக்கே சொந்தம்; இருபது ஆண்டுக் காலம் வேறெவனும் இதைச் செய்யலாகாது" என்று அரசாங்க முத்திரையோடு பத்திரமும் கேட்கிறார்கள்! மின் சிகரெட்டின் பூட்டுக்குக் காப்புரிமை! இராமநாதபுரம் சீமையின் ஒரு மூலையிலே இருந்துகொண்டு இதைப் பற்றி நாம் கவலைப்படுவானேன் என்று கேட்பீர்கள். கவலை இருக்கிறது, தோழர்களே! உரிமை எது, தீமை எது, அவற்றை அளக்கும் கோல் எது என்ற பெருங்கேள்வி இந்தச் சிறு பூட்டுக்குள்ளே அடங்கிக் கிடக்கிறது.

மின் சிகரெட் என்பது யாது? ஒரு மின்கலம், சூடேறும் கம்பிச்சுருள், நிக்கோட்டின் கலந்த திரவம். வாய் வைத்து உறிஞ்சினால், காற்றோட்டத்தை உணரும் உறுப்பு மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. சுருள் சூடேறுகிறது, திரவம் ஆவியாகி நுரையீரலுக்குள் செல்கிறது. தீயில்லை, சாம்பலில்லை. ஆனால் அடிமைப்படுத்தும் நிக்கோட்டின் இருக்கிறது. 1965-இல் அமெரிக்கரான ஹெர்பர்ட் கில்பர்ட் புகையில்லாச் சிகரெட் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அது கடைக்கு வரவில்லை. 2003-இல் சீன நாட்டு மருந்தாளர் ஹான் லிக் இன்றைய வடிவத்துக்கு வழி கண்டார். புகைக்கு அடிமைப்பட்டவர் அவர். புகைத்த தந்தையை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். விடுதலை வேண்டிப் பிறந்த கருவி! பின்னர் அது பெருவணிகரிடம் சென்றது, பழச்சுவையைப் பூசிக்கொண்டது, பள்ளிப் பிள்ளைகளின் பைக்குள்ளும் நுழைந்தது.

பிள்ளைகள் கையிலே அது காணப்பட்டதும் பெற்றோர் கொதித்தெழுந்தனர். அந்தக் கொதிப்புக்கு வணிகர் அளித்த விடைதான் பூட்டு. பொத்தானை ஐந்து முறை அடுத்தடுத்து அழுத்தினால்தான் இயங்கும் என்பது எளிய பூட்டு. கைபேசியோடு புளூடூத் வழியாக இணைந்து, வயதுக்குச் சான்று காட்டினால்தான் திறக்கும் என்பது அடுத்த படி. கைரேகை பார்த்துத் திறப்பது, உரியவரின் கைபேசி அகன்றால் தானே மூடிக்கொள்வது எனப் பலவகை. 2019-இல் ஜூல் நிறுவனம், வயது பார்த்துத் திறக்கும் கருவியைப் பிரிட்டனில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2024-இல் என்ஜாய் நிறுவனம், அத்தகைய பூட்டுடைய கருவிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம் இசைவு கேட்டு விண்ணப்பித்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2018-இல் தமிழக அரசு மின் சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பரில் இந்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் அதை முழுச் சட்டமாக்கியது. செய்தல், விற்றல், இறக்குமதி, ஏற்றுமதி, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். எனினும், இத்தகைய கருவிகளின் உறுப்புகளுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பங்கள் வரத்தான் செய்கின்றன. ஆவி எழுப்பும் சூடேற்றி அமைப்பு ஒன்றுக்கு ஐ.டி.சி. நிறுவனம் விண்ணப்பித்தது. காப்புரிமை அலுவலகம் மறுத்தது. காட்டிய காரணம், 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(பி) பிரிவு. பொது ஒழுங்குக்கோ ஒழுக்கத்துக்கோ மாறானதும், மனிதர், விலங்கு, செடிகொடிகளின் உயிருக்கும் நலத்துக்கும் பெருந்தீங்கு விளைப்பதும் காப்புரிமைக்கு உரியவை அல்ல என்பது அப்பிரிவு. நிறுவனம் கல்கத்தா உயர்நீதிமன்றம் சென்றது. 2025-இல் நீதிமன்றம் மறுப்பாணையை நீக்கி, விண்ணப்பத்தைப் புதிதாக ஆராயுமாறு திருப்பி அனுப்பியது. சூடேற்றிக்கு எழுந்த கேள்வி, பூட்டுக்கும் எழும். விற்கவே கூடாத பொருளின் உறுப்புக்கு உரிமைப் பத்திரம் வழங்குவது முறையாகுமா?

ஆகாது என்று ஆத்திரத்தோடு சொல்லிவிடலாம். பகுத்தறிவாளர் அப்படிச் சொல்லலாகாது. எதிர்த்தரப்பின் சொல்லையும் எடைபோட வேண்டும். காப்புரிமை என்பது விற்பதற்கு அரசு தரும் அனுமதி அன்று. பிறர் செய்வதைத் தடுக்கும் உரிமை, அவ்வளவே. அதற்கு ஈடாகக் கண்டுபிடித்தவன் தன் நுட்பத்தை உலகறிய எழுதிக் கொடுக்கிறான். காலக்கெடு முடிந்தால் அது எல்லோருக்கும் சொந்தம். உள்நாட்டுச் சட்டம் விற்பனையைத் தடுக்கிறது என்ற ஒன்றை மட்டுமே காரணமாகக் காட்டிக் காப்புரிமையை மறுக்கக் கூடாது என்று, இந்தியா ஏற்றுக்கொண்ட டிரிப்ஸ் ஒப்பந்தமும் சொல்கிறது. ஆவி எழுப்பும் நுட்பம் நாளை மருந்து செலுத்தவும் பயன்படலாம். இந்த வாதங்களில் சத்து இருக்கிறது. சத்துள்ள வாதத்தைச் சிரித்துத் தள்ளுவது வைதிகர் வழக்கம். நமக்கு அது வேண்டா.

ஆனால், 3(பி) பிரிவிலே இரண்டு சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றனவே, அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று ஒழுக்கம்; மற்றொன்று தீங்கு. ஒழுக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் கைதட்டிவிடலாகாது. அந்தச் சொல்லால் அடிபட்டவர்கள் நாம்! நம் ஊருக்கு அருகே இருக்கிறது கமுதி. அங்குள்ள கோயிலுக்குள் நாடார் மக்கள் 1897-இல் நுழைந்தனர். என்ன குற்றம் செய்தார்கள்? கும்பிடப் போனார்கள்! வழக்குத் தொடர்ந்தார் இராமநாதபுரத்து மன்னர். "வழக்கம் இடங்கொடாது" என்றன நீதிமன்றங்கள். தீட்டுக் கழிக்க ஐந்நூறு ரூபாய் கொடுக்கும்படியும் தீர்ப்பாயிற்று. இலண்டன் பிரிவி கவுன்சில் 1908-இல் அதையே உறுதி செய்தது. கதவுக்குப் பூட்டு, பூட்டுக்குப் பெயர் ஆசாரம், திறவுகோல் மேல்சாதியார் மடியில்! கைம்பெண் மறுமணம் ஒழுக்கக்கேடு என்றார்கள். கருத்தடை பற்றிப் பெரியார் பேசியபோதும் ஒழுக்கம் கெடும் என்று ஓலமிட்டார்கள். யாருடைய ஒழுக்கம்? எவர் வகுத்தது? இந்தக் கேள்விக்கு விடை தராத சொல்லை அளவுகோலாக்கி, அதிகாரி ஒருவர் கையிலே கொடுத்துவிட்டால், இன்று மின் சிகரெட்டின் மேல் பாயும் அது நாளை எதன் மேல் பாயும் என்று எவரே சொல்ல வல்லார்?

தீங்கு என்பது அப்படியன்று. அதை அளக்கலாம், சோதிக்கலாம், சான்று கேட்கலாம், சான்று மாறினால் முடிவையும் மாற்றலாம். நிக்கோட்டின் அடிமையாக்குகிறது, வளரும் மூளைக்குக் கேடு செய்கிறது. இது மருத்துவம் கண்ட உண்மை. பல்லாண்டு புகைத்தவர் அதை விடுவதற்கு மின் சிகரெட் துணை செய்கிறது என்பதற்கும் ஆய்வுச் சான்று உண்டு. அதனால்தான் பிரிட்டன் வயதுவந்தோருக்கு அதை அனுமதிக்கிறது. அதே பிரிட்டன், ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையை 2025 ஜூனில் தடை செய்தது. சான்று பார்த்து நடப்பவரின் நடை அது. நாமோ, ஆவிக்கு முழுத் தடை போட்டோம்; புகைக்கு உரிமம் கொடுத்தோம்! மின் சிகரெட் ஒழுக்கக்கேடு என்றால், பெட்டிக்கடையிலே கூசாமல் விற்கும் சிகரெட்டும் பீடியும் ஒழுக்கச் சின்னங்களா? சிகரெட் விற்கும் அந்தப் பெரிய நிறுவனத்தின் பெரும் பங்குதாரர்களுள், அரசின் பிடியிலுள்ள ஆயுள் காப்பீட்டுக் கழகமும் ஒன்று அல்லவா? ஒழுக்கத்தைத் தராசாக வைத்தால் தட்டு இப்படித்தான் சாயும். தீங்கைத் தராசாக வைத்தால் இரண்டையும் ஒரே எடைக்கல்லால் நிறுத்தாக வேண்டும்.

பூட்டுக்குத் திரும்புவோம். பிள்ளையைக் காக்கும் பூட்டு என்றே வைத்துக்கொள்வோம். காக்கும் பொருள் ஒருவனுக்கே சொந்தமாகலாமா?

1959-இல் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் நில்ஸ் போலின், கார்களுக்கு மூன்று முனை இருக்கை வாரை உருவாக்கினார். அவர் பணிபுரிந்த வால்வோ நிறுவனம் அதற்குக் காப்புரிமை பெற்றது. பெற்ற பின் என்ன செய்தது? மற்றக் கார்க் கம்பெனிகளும் கட்டணமின்றிப் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டது! இன்று உலகெங்கும் காரில் ஏறுவோர் மார்பின் குறுக்கே கிடக்கும் வார் அதுவே. பாதுகாப்பை விலைச்சரக்காக்கிப் பிறருக்கு மறுத்திருந்தால், எத்தனை உயிர் சாலையிலே சிதறியிருக்கும்!

மின் சிகரெட் வணிகரின் போக்கைப் பாருங்கள். ஜூலும் என்ஜாயும் காப்புரிமைகளுக்காக வழக்காடின. தன் காப்புரிமைகளை மீறியது என்ற ஜூலின் முறையீட்டை ஏற்று, என்ஜாயின் 'ஏஸ்' கருவி அமெரிக்காவுக்குள் வரக் கூடாதென்று அந்நாட்டுப் பன்னாட்டு வணிக ஆணையம் 2025-இல் தடை விதித்தது. பிள்ளைகள் நலத்துக்காகவா தடை? இல்லை, சொத்துரிமைக்காக! சூடேற்றிக்கும் சுருளுக்கும் நடந்த இந்தச் சண்டை, நாளை பூட்டுக்கும் நடந்தால் என்ன ஆகும்? நல்ல பூட்டு ஒரு கம்பெனியிடம் இருக்கும். மற்றக் கம்பெனிகளின் கருவி திறந்தே கிடக்கும். ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் காவல். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இல்லை! காவலைக் காசாக்கும் இந்த முறைக்கு அறிவியல் என்று பெயரிடுவது அறிவியலுக்கே இழுக்கு.

மாற்று இல்லையா? இருக்கிறது. அதற்கும் நம் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. நீதியரசர் இராஜகோபால அய்யங்கார் 1959-இல் அளித்த அறிக்கையின் அடியொற்றி எழுந்தது 1970-ஆம் ஆண்டுச் சட்டம். காப்புரிமை பெற்றவன் பொதுமக்களின் தேவையைப் புறக்கணித்தால், அவன் விருப்பத்தைக் கேளாமலே பிறருக்கு உரிமம் தரலாம் என்கிறது அது. 2012-இல் பேயர் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்துக்கு அவ்வாறே நாட்கோ நிறுவனம் கட்டாய உரிமம் பெற்றது. மாதம் ஏறத்தாழ 2,80,000 ரூபாய் விற்ற மருந்து, 8,800 ரூபாய்க்குக் கிடைத்தது. மருந்துக்கு இது பொருந்துமானால், பிள்ளைகளைக் காக்கும் பூட்டுக்கு ஏன் பொருந்தாது? மின் சிகரெட்டை அனுமதிக்கும் நாடுகளுக்கு நாம் சொல்வோம்: பூட்டைக் கண்டவனுக்குப் புகழ் கொடுங்கள், உழைப்புக்கு ஊதியமும் கொடுங்கள், பூட்டை மட்டும் பொதுவாக்கி, எல்லாக் கருவிக்கும் கட்டாயமாக்குங்கள்.

இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். பூட்டு இருப்பதாலேயே உள்ளே இருப்பது தூய்மையாகிவிடாது. இளைஞரை இழுக்கும் வகையில் விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்குகளில், முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களுக்கு ஏறத்தாழ 44 கோடி டாலர் தருவதாக 2022-இல் ஒத்துக்கொண்ட நிறுவனம்தான் ஜூல். முதலில் இனிப்புக் காட்டி அழைத்தவர் கையிலேயே பூட்டும் இருக்கிறது, சாவியும் இருக்கிறது. யார் திறந்தார், எப்போது திறந்தார் என்ற கணக்கும் அவர் கைக்கே போகலாம். அதைவிடப் பெரிய பூட்டு, நிக்கோட்டின் மூளையிலே போடும் பூட்டு. அதற்குப் புளூடூத் இல்லை, பொத்தான் இல்லை. ஐந்து முறை அழுத்தினாலும் ஐம்பது முறை அழுத்தினாலும் அது திறவாது. அந்தப் பூட்டை விற்று வாழ்பவர், வாசலுக்கு ஒரு பூட்டுப் போட்டேன் என்று பெருமை பேசினால் நாம் ஏமாந்துவிடலாமா?

தோழர்களே! நமக்கு வேலை ஊரிலேயே இருக்கிறது. அந்தப் பையன் நாளையும் வருவான், அதே பெட்டிக்கடை, அதே பீடிக்கட்டு. அவனை அனுப்பியவர் கொடியவர் அல்லர். உழைத்துக் களைத்த தந்தை. கொடுத்தவரும் கொடியவர் அல்லர். பிழைப்புக்குக் கடை வைத்தவர். "பையனிடம் கொடாதீர், ஐயா!" என்று கடைக்காரரிடம் சொல்ல எவ்வளவு நேரமாகும்? "உங்கள் பிள்ளையை அனுப்பாதீர்" என்று தந்தையிடம் சொல்வதற்குக் கைரேகைக் கருவி வேண்டுமா? படிப்பகத்திலே பத்து இளைஞர் கூடி இதைப் பேசுங்கள். கடை கடையாகச் செல்லுங்கள், கனிவோடு சொல்லுங்கள், சட்டத்தை எடுத்துக் காட்டுங்கள். ஏன் கூடாது என்பதைப் பையனுக்கும் விளக்குங்கள். விளக்கம் பெற்ற பையன் தனக்குத் தானே காவல் நிற்பான். அந்தத் திறவுகோல் அவன் கையிலேயே இருக்கும். அதற்கு எந்தக் கம்பெனியும் காப்புரிமை கேட்க முடியாது!