நெல்லை அள்ளச் சொல்லும் பாட்டு

பால்வாடிப் பிள்ளைகள் பாடும் மழைப் பாட்டு ஒன்று உண்டு. மழை வருகிறது, காயப்போட்ட நெல்லை அள்ளுங்கள் என்று ஆரம்பிக்கும். முக்கால் படி அரிசியில் முறுக்கு சுடச் சொல்லும். ஏர் ஓட்டும் மாமனுக்கு முறுக்கை எண்ணி வைக்கச் சொல்லும். சும்மா இருக்கும் மாமனுக்குச் சூடு. எழுதியவர் பேர் இல்லாத பாட்டு, தமிழ்நாடு முழுக்கப் புழங்குகிறது. ஆனாலும் அதற்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம்தான் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

*

பிடிவாதத்துக்குக் காரணம் ஐப்பசி. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை நடவு. புரட்டாசியில் அறுப்பு. அறுத்த நெல் களத்திலும் ரோட்டோரத்திலும் காய்ந்துகொண்டிருக்கும்போதே வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. காலால் துழாவித் துழாவி ரெண்டு நாள் காய வைத்ததை ஒரு தூறல் பழையபடி ஆக்கிவிடும். வானம் கறுத்தால் வீட்டில் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. கூட்டுகிறவர் கூட்ட, அள்ளுகிறவர் அள்ள, படுதாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள நாலு வயசுப் பிள்ளையும் ஓடும்.

இந்தப் பாட்டை வெகு நாள் மழைப் பாட்டு என்றே நினைத்திருந்தேன். கவனித்துக் கேட்டால் அது மழையோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. வா என்று கெஞ்சவில்லை, போ என்று விரட்டவில்லை. அது பேசுவதெல்லாம் வீட்டு மனிதர்களோடு. வானம் அதன் பாட்டுக்கு இருக்கட்டும், உன் வேலையைப் பார் என்கிறது. நெல் உள்ளே வந்தாயிற்றா, இனி அடுப்பை மூட்டு. நெல், அரிசி, முறுக்கு, ஏர் பிடித்தவன் என்று நாலு அடியில் பிள்ளை ஒரு போகத்தையே சுற்றி வந்துவிடுகிறது. மேகம் எப்படி உருவாகிறது என்று அதற்குத் தெரியாது. மழை வந்தால் என்ன நனையும் என்று தெரிந்திருக்கிறது. அந்த வயசுக்கு வானிலைப் பாடம் அவ்வளவு போதும்.

சூடு வைக்கும் அடியைப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று எடுத்துவிட நினைப்பவர்கள் இருக்கலாம். எடுக்காதீர்கள். அந்த அடிக்குத்தான் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

*

மழையைப் போய்விட்டு இன்னொரு நாள் வரச் சொல்லும் இங்கிலீஷ் பாட்டின் மேல் நம்மவர்களுக்குக் கோபம் உண்டு. மழையை விரட்டலாமா என்பார்கள். 2021 ஜனவரியில் டெல்டாவில் இருந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அறுப்புக்கு நின்ற சம்பா, பொங்கல் சமயத்து மழையில் சாய்ந்து, கதிரிலேயே முளை விட்டது. தையில் இங்கே எல்லோரும் வேண்டிக்கொள்வது அந்த இங்கிலீஷ் பாட்டைத்தான். எந்தப் பாட்டுக்கும் ஒரு மாதம் உண்டு. மாதம் சொல்லாமல் பாட்டை மட்டும் சொல்லிக்கொடுப்பதுதான் தப்பு.

*

மார்கழிக்கு ஆண்டாள் இருக்கிறாள். திருப்பாவையின் நான்காம் பாட்டில் மேகம் கடலுக்குள் இறங்கி, நீரை முகந்து, மேலேறிக் கறுத்து, மின்னி, இடித்து, பிறகு பொழிகிறது. வரிசை தப்பவில்லை. வங்கக் கடல் ஈரத்தைக் கொண்டுவரும் மழை ஓய்கிற மாதத்தில், தலைக்குக் குல்லா போட்ட பிள்ளைகள் அதைப் பாடுகிறார்கள். அர்த்தம் கேட்டால் முழிப்பார்கள். பரவாயில்லை, பள்ளிக்கூடத்தில் நீர்ச் சுழற்சி வரும்போது ஞாபகம் வரும்.

*

ஒரு மழைக்கு மட்டும் பாட்டு கிடைக்கவில்லை. ஆனி, ஆடியில் தஞ்சாவூர் வானத்தில் பெரும்பாலும் காற்றுதான். அம்மியைப் பறக்கவிடும் காற்று. ஆற்றிலோ தண்ணீர் புரண்டு வருகிறது. மழையே பெய்யலியே, தண்ணி எங்கேருந்து வந்துச்சு? பிள்ளை கேட்கிற கேள்வி நியாயமானது. குடகிலும் வயநாட்டிலும் யாரோ குடை பிடித்துப் போன மழை அது. கபினி, கிருஷ்ணராஜசாகர், மேட்டூர் என்று அணை அணையாகத் தங்கி, மேட்டூரில் திறந்த மூன்று நாலு நாளில் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிகிறது. கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் நாளாகும். சில வருஷம் சேர்வதே இல்லை. கண்ணால் பார்க்காத மழையை நம்பி நாற்று விடும் ஊர் இது. அந்த மழை பிள்ளைகளின் பாட்டில் இல்லாதது பெரிய குறை.

பால்வாடி டீச்சர்களில் யாராவது இதைப் படித்தால், நாலே அடி போதும், எழுதுங்கள். குடகு வர வேண்டும், மேட்டூர் வர வேண்டும், உங்கள் ஊர் வாய்க்காலின் பேர் கட்டாயம் வர வேண்டும். கை தட்ட இடம் விடுங்கள்.