சாடி மாற்றும் காலம்



இலண்டனில் எமது மக்களின் வீடுகளுக்குப் போனால், சமையலறை யன்னல் விளிம்பில் ஒரு கற்றாழைச் சாடியைக் காண்பது வழக்கம். கை சுட்டுவிட்டால் மடலை முறித்துப் பூசுகிறோம். ஊரிலே வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலும் மாதக்கணக்கில் வாடாமல் நிற்கும். அதனால் இதை எதுவும் செய்யலாம், சாகாது என்று ஓர் எண்ணம் எமக்கு. "எங்கட ஊர்ச் செடி" என்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அதன் பூர்வீகம் அரேபியத் தீபகற்பம் என்பதே தாவரவியலாளர் முடிவு. அதுவும் எம்மைப் போல் வந்து குடியேறியதுதான்.

எமது வீட்டுக் கற்றாழையை நாமே கொன்றோம். சில ஆண்டுகளுக்கு முன், மார்கழியில், தைப்பொங்கலுக்கு விருந்தினர் வருகிறார்கள் என்று வீட்டைத் துப்புரவு செய்தபோது, பழைய சாடி அசிங்கமாய்க் கண்ணில் பட்டது. பெரிய பீங்கான் சாடியொன்று வாங்கி, நிறையக் கொம்போஸ்ட் இட்டு, செடியை மாற்றி, அன்பு மேலீட்டால் வயிறு முட்டத் தண்ணீரும் ஊற்றினோம். பொங்கலன்று எல்லோரும் புகழ்ந்தார்கள். மாசி பிறக்குமுன் அடி அழுகி, தொட்டதும் சரிந்து விழுந்தது.

எங்கே பிழைத்தோம் என்று பிற்பாடுதான் அறிந்தோம். இந்நாட்டுக் குளிரிலும் மங்கிய ஒளியிலும் கற்றாழை உறங்குகிறது. உறங்கும் வேர் புண்பட்டால் தன்னை ஆற்றிக்கொள்ளாது. ஆகவே பங்குனி, சித்திரையில், வெளிச்சம் கூடி வளர்ச்சி தொடங்கும்போதே சாடி மாற்ற வேண்டும். அதுவும் தேவை இருந்தால் மட்டும். சாடியின் அடித் துளையால் வேர் எட்டிப் பார்க்கிறதா, ஊற்றிய நீர் நில்லாமல் ஓடிவிடுகிறதா, தலை கனத்துச் செடி சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை இல்லையேல் அது நெருக்கத்திலும் சுகமாகவே இருக்கிறது.

புதிய சாடி பழையதைவிட இரண்டு விரல் அகலம் கூடினால் போதும். பெரிய சாடியில் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வேர் அதைக் குடிக்க முடியாமல் அதிலேயே அழுகும். துளையுள்ள மண்சாடி நல்லது. கொம்போஸ்டுடன் ஏறக்குறைய சரிபாதி பருமணலோ பேர்லைட்டோ கலக்க வேண்டும். செடியைக் கழற்றும்போது மண் காய்ந்திருக்க வேண்டும். கறுத்த வேரை நீக்கி, சொந்த வேருள்ள பக்கக் கன்றுகளை மட்டும் பிரித்து, வெட்டிய இடம் காய இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து, முன்பிருந்த அதே ஆழத்தில் நட வேண்டும். பிறகு ஒரு கிழமைக்குத் தண்ணீரே கூடாது. அன்பு உள்ளவர்களுக்கு இந்த ஒரு கிழமைதான் மிகவும் கடினம்.

ஒரு செடி செத்ததற்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பீர்கள். இது மீண்டும் நினைவுக்கு வந்த காரணம் வேறு. கிழக்கு இலண்டனில், ஈஸ்ட்ஹாமில், எமது பெரியம்மா தனியே இருக்கிறார். எண்பது கடந்தவர். சென்ற குளிர்காலத்தில் படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றிரவே தொலைபேசியில் உறவினர் எல்லோரும் கூடித் தீர்மானித்துவிட்டோம்: வட்ஃபோர்டுக்கு அப்பாலுள்ள எமது வீட்டில் பெரிய அறை இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, தை மாதமே கூட்டி வந்துவிடுவது. ஒருவரும் பெரியம்மாவைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை.

யாருக்காக இந்த மாற்றம்? செடிக்கு வாயில்லை, அதன் வேரைப் பார்த்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும். மனிதருக்கு வாய் உண்டு. என்றாலும் அவர்களைச் செடியாகவும், செடியை வீட்டு அலங்காரமாகவும் நடத்துகிறோம். எமது தீர்மானத்தில் பெரியம்மாவின் நன்மை பாதி என்றால், இரவில் தொலைபேசி அடித்தால் நெஞ்சு பதறாமல் நாம் தூங்க வேண்டும் என்பது மறுபாதி. அதுவும் நியாயமான ஆசைதான். அதை அவருடைய தேவை என்று பெயர் மாற்றிச் சொன்னதுதான் பிழை.

மறுபக்கமும் உண்டு. "அவ தன்ர விருப்பத்துக்கு இருக்கட்டும்" என்று சொல்லிக் கைகழுவி விடுவதும் எமக்குள் நடக்கிறது. சாடியில் நெருங்கிப்போன செடியை மாற்றாமல் விட்டாலும் அது மெல்லச் சாகும். மரியாதை என்ற பெயரில் சோம்பல் ஒளிந்திருக்க இடமுண்டு.

கியூ பூங்காவின் பனை மாளிகையில் ஒரு சைக்கட் மரம் நிற்கிறது. பார்வைக்குப் பனை போலிருக்கும், பனை இனமல்ல. தென்னாபிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியிலிருந்து பிரான்சிஸ் மாசன் சேகரித்து, 1775இல் கியூவுக்கு வந்தது. உலகிலேயே மிகப் பழைய சாடிச் செடி இதுதான் என்பார்கள். அது கூம்பு விட்டது ஒரே ஒரு முறை, 1819இல். அதைப் பார்க்க சேர் ஜோசப் பாங்ஸ் வந்தார். 2009இல் அதற்குப் புதிய பெட்டி மாற்றினார்கள். ஒரு தொன்னுக்கு மேற்பட்ட நிறை, நான்கு மீற்றருக்கு மேல் நீளம், சாய்ந்த தண்டுக்கு முண்டு. எத்தனை கவனம் வேண்டியிருந்திருக்கும்! எமது பிள்ளைகள் "எவ்வளவு காலம் உயிரோட இருக்கு!" என்று வியந்தார்கள். எமக்கோ அந்த ஒற்றைக் கூம்புதான் மனதில் நின்றது. பத்திரமாக நீண்டகாலம் இருப்பதும் செழித்து இருப்பதும் ஒன்றா?

அடுத்த சனிக்கிழமை ஈஸ்ட்ஹாமுக்குப் போனோம். பெரியம்மா தேநீர் தந்துவிட்டுச் சொன்னார்: "உங்கட வீட்டில எனக்கு ஒரு குறையும் வராது, பிள்ளை. ஆனா இஞ்ச நான் பஸ்ஸில ஏறினா ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில நாலு பேர் சுகம் கேப்பினம். அங்க நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு அந்தப் பெரிய அறைக்குள்ள நான் என்ன செய்யிறது?"

எம்மிடம் பதிலில்லை. படிக்குக் கைபிடி பூட்டினோம். திறப்பு ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்தோம். கழுத்தில் மாட்டும் அவசர அழைப்புப் பொத்தானுக்கு இரண்டு மணித்தியாலம் வாதாடிச் சம்மதம் பெற்றோம். இது போதுமா என்று இன்றும் தெரியாது. இன்னொரு முறை விழுந்தால் மறுபடி பேச வேண்டும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறோம், அவரும் தலையாட்டினார்.

புறப்படும்போது அவருடைய கற்றாழையைப் பார்த்தோம். பழைய தயிர் வாளியில், அடியில் ஆணியால் குத்திய துளைகளோடு, சுற்றிலும் ஐந்தாறு கன்றுகள். ஒன்று கேட்டோம்.

"இப்ப வேண்டாம்," என்றார் பெரியம்மா. "சித்திரை பிறக்கட்டும். வாங்கோ, பிரிச்சுத் தாறன்."