வீழ்ந்தவன் அருகே பத்து வினாடி

நாட்டின் மற்றக் கிராமங்களைப் போலவே வெல்லாவெளியிலும் இளைஞரின் கைத்தொலைபேசிக்குள் துப்பாக்கிப் போர் புகுந்துவிட்டது. நால்வர் ஓரணியாகச் சேர்ந்து ஆடும் ‘பப்ஜி’ போன்ற ஆட்டங்களையே சொல்கிறோம். போரின் வடு ஆறாத படுவான்கரை மண்ணில் போரையே பொழுதுபோக்காக்குவதா என்று முகம் சுளிப்போர் நம்மிடையே பலர். சுளிப்பது எளிது. ஆயினும் அவ்வாட்டத்தினுள் இருக்கும் ஒரு சிறு விதியை அவர்கள் கவனித்ததில்லை. அறவியலின் பழங்கேள்வியொன்று அதற்குள் குடியிருக்கிறது.

சுடப்பட்டவன் அங்கே உடனே இறப்பதில்லை. குருதி வடிய ஊர்ந்தவாறு தோழனுக்காகக் காத்திருக்கிறான். தோழன் ஓடிவந்து, துப்பாக்கியைத் தாழ்த்தி, பத்து வினாடி அவனருகே குனிந்திருந்தால் சிறிதளவு வலிமையுடன் எழுகிறான். 2006இல் வெளிவந்த ‘கியர்ஸ் ஒஃப் வோர்’ இம்முறையைப் பரவச் செய்தது. 2018இல் கைத்தொலைபேசிக்கு வந்த ‘பப்ஜி’ அதனைச் சிற்றூர்வரை கொண்டுசேர்த்தது.

இவ்விதியைத் திருத்தவேண்டும் என்போர் பெரும்பாலும் கேட்பது வேகத்தைத்தான். பத்து வினாடியை ஐந்தாக்குங்கள் என்கிறார்கள். பிறர் உதவியின்றித் தானே எழ வழிசெய்யுங்கள் என்கிறார்கள். 2020இல் வந்த ‘வோர்சோன்’ ஆட்டத்தில் அப்படித் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளும் கருவி உண்டு. ஆட்டப் பணத்தைக் கொடுத்து அதை வாங்கலாம். சந்தை நுழையாத இடம்தான் எது!

நமது கருத்து நேர்மாறானது. ஒருவன் இன்னொருவனுக்காக ஆயுதத்தைத் தாழ்த்தும் நேரம் அந்தப் பத்து வினாடி. தன் முதுகைப் பகைவனுக்குக் காட்டிக்கொண்டு இன்னொருவனுக்காகக் குனிகின்ற அந்த இடர்தான் உதவிக்குப் பொருள் தருகிறது. அதைக் குறைக்கக் குறைக்க, வீழ்ந்த தோழன் பழுதடைந்த பொறியாகிவிடுகிறான்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வீழ்ந்து கிடப்பவனைத் தூண்டில் இரையாக விட்டுவைத்து, தூக்க வருபவனைச் சுடுவது அங்கே கெட்டித்தனம். கிடப்பவனையே மீண்டும் சுட்டுக் கணக்கை முடிப்பது வழமை. அணியில் இறுதியாக நிற்பவனும் வீழ்ந்தால், கிடக்கும் அனைவரும் அக்கணமே இறந்தவராகிறார்கள். தூக்க ஆளில்லாத காயக்காரனுக்கு உயிர் எதற்கு என்பது ஆட்டத்தின் தீர்ப்பு!

உலகம் இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. 1859இல் சொல்பரினோப் போர்க்களத்தைக் கண்ட ஹென்றி டுனான்ட், கஸ்திலியோனே ஊர்ப் பெண்களோடு சேர்ந்து எந்தப் படையினன் என்று பாராமல் காயக்காரரைப் பேணினார். 1864இல் முதலாவது ஜெனீவா உடன்படிக்கை பிறந்தது. 1949இன் உடன்படிக்கைகள் காயமுற்றவனைத் தாக்குவதைத் தடுக்கின்றன. அவனைத் தேடியெடுத்துப் பேணும் கடமையை இரு தரப்பின் மீதும் சுமத்துகின்றன. நம் தொல்காப்பியரும் காயம்பட்டவனை மறந்தாரில்லை. காவலுக்குச் சுற்றத்தார் எவருமின்றிக் கிடக்கும் புண்பட்டோனைக் காஞ்சித்திணையின் ஒரு துறையாகவே வைத்தார். பேய் அவனை அணுகாமல் மனைவி காத்திருப்பது இன்னொரு துறை.

செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு இவ்வாட்டங்களைத் தடைசெய்யும்படி கேட்கவில்லை. போர்ச் சட்டத்தை மீறினால் அதற்குரிய விளைவு ஆட்டத்துக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று 2013இல் கேட்டது. 2017இல் ‘ஆர்மா 3’ ஆட்டத்தில் போர்ச் சட்டம் பற்றிய ஒரு பகுதி சேர்ந்தது. 2020இல் ‘போர்ட்நைட்’ ஆட்டத்தில், கொல்வதற்குப் பதில் உயிர் காக்கும் ஒரு போட்டியும் அமைந்தது. ஆனால் இவை தனிப் பந்தியில் பரிமாறப்பட்டவை. அன்றாட ஆட்டத்தின் விதி அப்படியே இருக்கிறது.

“விளையாட்டை விளையாட்டாக விடுங்கள்” என்று சொல்வார்கள். விட்டுவிடலாம், நாம் வேறொரு மண்ணில் வாழ்ந்திருந்தால். 2007 மார்ச்சில் படுவான்கரையில் எறிகணை விழுந்தபோது, ஆயிரக்கணக்கானோர் ஊர்களை விட்டு எழுவான்கரைக்கு ஓடினார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் மட்டக்களப்பைச் சேர்ந்த செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர் இருவர் கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து கடத்தப்பட்டுக் கொலையுண்டார்கள். தூக்க வருபவனைக் கொல்வது கெட்டித்தனம் என்ற கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிய இப்பகுதியாருக்கு வேறு பாடநூல் வேண்டியதில்லை.

ஆதலால் நாம் கேட்கும் திருத்தம் இது: குனிந்திருப்பவனைச் சுடுபவன் ஏதேனும் ஒன்றை இழக்கட்டும், வீழ்ந்த எதிரணியானையும் தூக்க வழி இருக்கட்டும், அதே பத்து வினாடியில், அதே இடரோடு. புள்ளிக்காகக் காட்டும் இரக்கம் இரக்கமாகுமா என்று கேட்பது நியாயமே. ஆகாது. அதனால்தான் அதற்குப் புள்ளி வேண்டாம் என்கிறோம். விதியால் இரக்கத்தை உண்டாக்க முடியாது. அதற்கு இடம்விட முடியும். இன்று பெரும்பாலான ஆட்டங்களில், வீழ்ந்த பகைவனருகே நிற்கும் இளைஞன் செய்யக்கூடியவை இரண்டுதான்: சுடலாம், அல்லது விட்டுப் போகலாம். மூன்றாவதொன்றை அவன் தேர்ந்தெடுப்பானோ மாட்டானோ, திரையில் அது இருக்கவாவது வேண்டும்.