என்னை உள்ளே விடாதீர்கள்

"இனிமேல் நானே வந்து கெஞ்சினாலும் என்னை உள்ளே விடாதீர்கள்" என்று சூதாடும் ஒருவன் தானே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இன்று பல நாடுகளில் இதற்கு ஒழுங்கான ஏற்பாடு உண்டு. தன்னைத் தானே விலக்கிக்கொள்ளுதல் என்று அதைச் சொல்லலாம். ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலம் 1996இலேயே இதற்கென ஒரு பட்டியலைத் தொடங்கிவிட்டது.

தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரைப் பாருங்கள். 2010இல் அங்கே இரண்டு கசினோக்கள் திறக்கப்பட்டன. அந்நாட்டுப் பிரசைகளும் நிரந்தர வதிவாளரும் உள்ளே செல்ல நாளொன்றுக்கு 100 டொலர் கட்ட வேண்டும் என்று விதித்தார்கள். 2019இல் அதை 150 ஆக உயர்த்தினார்கள். ஆனால் கட்டணம் மட்டும் அடிமைப்பட்டவனைத் தடுத்துவிடாது. ஆகவே விலக்கு உத்தரவுகளும் உண்டு. ஒருவன் தானே விண்ணப்பித்து விலகலாம். மனைவியோ, பெற்றோரோ, பிள்ளைகளோ முறையிட்டால், விசாரித்து அவனை விலக்கவும் இடமுண்டு.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சுயாதீனம் கடவுள் மனிதனுக்குத் தந்த மேலான கொடை. தன் வழியை அடைக்கும்படி பிறரிடம் கேட்பவன் அக்கொடையைத் துறந்துவிடுகிறானா? காவற்காரன் தடுத்ததால் சூதாடாதிருப்பது ஒரு புண்ணியமா? இப்படிக் கேட்போர் நம்மிடையே உளர்.

மனிதனுடைய மனம் எல்லா வேளையிலும் ஒரே உறுதியோடு இருப்பதில்லை. பிள்ளையின் கொப்பி வாங்கக் காசில்லாத காலையில் "இனித் தொடேன்" என்கிறவன், சம்பளம் கைக்கு வந்த மாலையில் வேறு மனிதனாகி விடுகிறான். நன்மையை நாடும் உள்ளத்துக்கும் அதற்கு இணங்காத இயல்புக்கும் இடையிலான இந்தப் போராட்டத்தைப் புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தில் மறைக்காமல் சொல்லுகிறார். அப்போஸ்தலரே அறிந்திருந்த பலவீனம் நமக்கு இல்லையென்று சொல்வது வீண் பெருமையல்லவா?

காலையில் தெளிவோடு இருக்கும் மனிதன், மாலையில் தடுமாறப்போகும் தன்னையே காக்க வழி தேடுகிறான். அவன் தன் சுயாதீனத்தை இழக்கவில்லை. அதை உண்மையாகவே பயன்படுத்துகிறான். திருமண வாக்கை நாம் சாட்சிகள் முன் கொடுப்பதும், துறவிகள் வார்த்தைப்பாடு கொடுப்பதும் நாளைய தடுமாற்றத்தை இன்றே அறிந்துதானே! 1838இல் அயர்லாந்தின் கோர்க் நகரில் கப்புச்சின் குருவான தியோபால்ட் மத்தியூ அடிகளாரின் முன் எத்தனையோ பேர் மதுவைத் தொடுவதில்லை என்று வாக்களித்தார்கள். பாவத்தை மட்டுமல்ல, பாவத்துக்கு ஏதுவான சந்தர்ப்பங்களையும் விலக்க வேண்டும் என்று பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது நாம் சிறுவயதிலேயே படித்திருக்கிறோம். இதுவும் அதுதான்.

சூதாட்டம் தன்னளவில் அநீதியன்று என்று 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் (2413) கூறுகிறது. ஆனால் தனக்கும் பிறருக்கும் அவசியமானதை அது பறிக்கும்போது ஒழுக்கத்துக்கு முரணாகிறது என்றும், அந்த மோகம் மனிதனை அடிமையாக்கக்கூடும் என்றும் எச்சரிக்கிறது. அடிமைப்பட்டவன் விடுதலைக்கு உதவி கேட்பதில் வெட்கமில்லை.

என்றாலும் இவ்வேற்பாடு முழு மருந்தாகாது. பிரித்தானியாவில் 'காம்ஸ்டொப்' என்ற பட்டியலில் ஒருமுறை பதிந்தால், அங்கு அனுமதி பெற்ற இணையச் சூதாட்ட நிறுவனங்கள் யாவும் அவரை விலக்க வேண்டும் என்பது 2020 முதல் விதி. ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று அவரே காலத்தைத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அனுமதியற்ற தளங்கள் திறந்தே கிடக்கின்றன. கடனும் தனிமையும் பட்டியலில் பெயரெழுதியதால் தீர்வதில்லை. பலவீனனின் தோல்வியால் இலாபம் பெறுகிறவர்களும், "அவனே விலகட்டும்" என்று கைகழுவிவிட முடியாது.

இத்தகைய சட்டத்துக்காகக் காத்திராமல் நம் வீடுகளிலேயே தொடங்கலாம். "சம்பளத்தை நீயே வைத்திரு, கேட்டாலும் தராதே" என்று கணவன் சொன்னால், அவனைப் பரிகசியாதீர்கள். பிள்ளைகள் முன் சொல்லிக் காட்டாதீர்கள். கடனை ஒளிக்கும் மகனிடம் கணக்குக் கேட்குமுன் அவன் சொல்வதைக் கேளுங்கள். வைத்தியரிடமோ பங்குக் குருவிடமோ அவனோடு கூடச் செல்லுங்கள். தன் பலவீனத்தை ஏற்றுக்கொண்டவன் மனந்திரும்பும் பாதையில் முதலடி வைத்துவிட்டான். அடுத்த அடியை அவன் தனியே வைக்கும்படி விட்டுவிடாதிருப்பது நம் கடமை.